ஊதாங்குழல் பூட்டிய காடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காற்றாடியை எல்லோருக்கும் படுகிற மாதிரி திருப்பி விட்டுவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். இன்றைக்கு ராஜா கதையும் இல்லை, பேய் கதையும் இல்லை. ஒரு காடியின், அதாவது ஒரு மோட்டார் காரின் கதை. அது மூச்சுத் திணறி நின்றதையும், ஒரு பெண்பிள்ளை விடாமல் நின்று அதற்கு மூச்சு வர வைத்ததையும் சொல்லித்தான் தீர வேண்டும். நடுவில் எழுந்து போகாதீர்கள்.

நம் மலேசியாவில், ஈப்போவில் குனோங் ராபாட் இருக்கிறதல்லவா, அங்கே சுண்ணாம்பு மலைக்குக் கீழே, வரிசைக் கடைகளில் கடைசிக் கடை ஒரு பட்டறை. அதற்கு இரண்டு முதலாளிகள். ஒருத்தி ஜோவான். வயது முப்பத்தெட்டு. பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற வேதக்காரப் பெண். இன்னொருவர் ஜெயபாலன். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நெற்றியில் விபூதி இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டார். பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. அவள் "அண்ணே" என்பாள், அவர் "தங்கச்சி" என்பார். சண்டை வந்தால் அவர் வானொலியைச் சத்தமாக வைப்பார், அவள் போய் அணைப்பாள். அவ்வளவுதான் அவர்கள் சண்டை.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் டயர் மாற்ற வருகிறவர்கள், எண்ணெய் மாற்ற வருகிறவர்கள். ஜோவானுக்கோ வேறு ஆசை. இஞ்சினைத் திறந்து, கணினியைப் பூட்டி, அது எப்படி எரிகிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீராக்குகிற வேலை. அதற்காகவே பழைய டைனோ ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். டைனோ என்றால் என்ன என்கிறீர்களா? தரையில் இரும்பு உருளை. காடியை அதன் மேல் ஏற்றிக் கட்டிவிட்டால், நின்ற இடத்திலேயே நூறு மைல் ஓடும். எவ்வளவு பலம் என்று திரையில் காட்டும். ஊரார் அதை "சும்மா சுத்துற மிஷின்" என்றார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் வந்து நின்றது ஒரு சிவப்புக் காடி. இரண்டே இருக்கை, மேல்கூரையை மடக்கித் திறக்கலாம். அதிலிருந்து இறங்கியவர் தக்ஷாயினி, பத்து காஜாவில் பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நாற்பத்தைந்து வயது, சிரித்தாலும் பாதிதான் சிரிப்பார். பழைய தோட்டத்துச் சாலை ஒன்றை காடிக் கிளப்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூடி, மலை ஏறுகிற பந்தயம் வைக்கிறார்கள். அதில் ஓட வேண்டும் அவருக்கு. காடிக்குப் பலம் போதவில்லை, சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும்.

"அது என்னா சாமான் தங்கச்சி?" என்று ஜெயபாலன் காதோடு கேட்டார்.

"பெல்ட்டு சுத்த சுத்த, இஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கும்ணே. காத்து கூடினா பெட்ரோல் கூட்டலாம், பெட்ரோல் கூடினா பலம் கூடும்."

"அட, ஊதாங்குழல்" என்றார் அவர். அன்றிலிருந்து பட்டறையில் அதற்கு அதுதான் பெயர்.

டாக்டரின் தம்பி ரதீசன் கோலாலம்பூரில் இருக்கிறார். அவருக்கு அங்கே ஒரு பெரிய பட்டறை பழக்கம். "டயர் கடையில கொண்டுபோய்க் குடுக்குறியே, அக்கா" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காடி ஓடத் தயாராக வேண்டும். இல்லாவிட்டால் இழுவை லோரி வந்து ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போகும், இந்த வருடப் பந்தயமும் போகும்.

இப்போது புரிகிறதா கண்ணுகளா, ஜோவானுக்கு என்ன வந்து நின்றது என்று? அந்தச் சிவப்புக் காடி லோரி முதுகில் ஏறி, கோப்பிக் கடைகளைத் தாண்டி, ஊரார் கண் முன்னால் போனால், இனி ஒருத்தர் அவளிடம் இஞ்சினைத் திறந்து காட்டமாட்டார்கள். சாகும்வரை டயர்தான். "சொந்தச் சக்கரத்துல போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று ஜெயபாலனிடம் சொன்னாள்.

சூப்பர்சார்ஜர் கிட் ஐந்து பெட்டியில் வந்து இறங்கியது ஆயுத பூஜைக்கு முதல் நாள். மறுநாள் ஜோவான் தைப்பிங் போய்விட்டாள், தங்கை ஹில்டாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். திரும்பி வந்ததும் வேலை தொடங்கியது. இரண்டு வாரம், டயர் வேலைக்கு நடுநடுவே. பழைய காற்றுக் குழாயைக் கழற்றினார்கள், புதுச் சட்டத்தை இறுக்கினார்கள், அதில் ஊதாங்குழலை உட்கார வைத்தார்கள். பெல்ட் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறதா என்று ஜோவான் ஒரு முழு நாள் பார்த்தாள். அரைக் கோடு விலகினாலும் பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும். சூடான காற்றைக் குளிர வைக்கிற ரேடியேட்டர் முன்னால் வந்தது. பெட்ரோலைப் பீய்ச்சுகிற குழல்கள் பெரிதாயின. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கு அளக்கிற ஸ்பானரால் இறுக்கி, தலையில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கோடு இருந்தால் அவள் கை பட்டது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு சின்னச் சாமான், கட்டை விரல் நீளம்தான். காற்று சென்சார். காற்றுக் குழாயில் குத்தி வைப்பது. பிளாஸ்டிக் பையில் இருந்தது, பை வாயில் ஒரு ஸ்டேப்ளர் பின். ஜோவான் பின்னை ஒரு பக்கம் நெம்பி, சென்சாரை எடுத்துக் குழாயில் செருகி, வெள்ளைக் கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை காடியை டைனோவில் ஏற்றிக் கட்டினார்கள். ஜோவானிடம் ஒரு காது மாட்டி உண்டு, அவளே செய்தது. இஞ்சின் மேல் ஒரு செப்புக் குழாயை முடுக்கி, அதிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, காதை மூடுகிற மூடியில் சேர்த்திருந்தாள். டாக்டர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்கிறார்களே, அந்த மாதிரி. இஞ்சினுக்குள் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

முதலில் மெதுவாக ஓட்டினாள். பிறகு மிதித்தாள். ஊதாங்குழல் சீட்டியடித்தது. நாலாயிரம் சுற்று தாண்டியதும் திரையில் ஒரு எண் ஏறியது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு என்று காட்டுகிற எண். பன்னிரண்டுக்குக் கீழே நிற்க வேண்டியது, பதின்மூன்றரையில் போய் நின்றது. அதே நொடி காதுக்குள், தகரத்தில் மணலை அள்ளி வீசினாற்போல் ஒரு சத்தம். காலை எடுத்துவிட்டாள்.

"என்னா தங்கச்சி?"

"காத்து நிறைய, பெட்ரோல் கம்மி. உள்ள தட்டுதுண்ணே. இன்னும் ரெண்டு நொடி மிதிச்சிருந்தா பிஸ்டன் போயிருக்கும்."

ஜெயபாலன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப பெட்ரோலைக் கூட்டி விடேன். கணினில நம்பரைத் தட்டினா முடிஞ்சி."

"ஏன் கம்மியாச்சுன்னு தெரியாம எப்படிண்ணே கூட்டுறது?"

"கூட்டினா சரியாப் போகும் லா."

"இன்னைக்கி சரியாப் போகும். நாளன்னைக்கி மலை மேல?"

அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார். அவள் போய் அணைத்தாள்.

அன்று பகல் முழுக்கத் தேடினாள். எங்கேயாவது குழாய் ஓட்டையா? புகையை உள்ளே ஏற்றிப் பார்த்தாள். ஒரு இழைகூட வெளியே வரவில்லை. பெட்ரோல் பம்ப் சோம்புகிறதா? அழுத்தத்தை அளந்தாள், ஊசி அசையாமல் நின்றது. பீய்ச்சுகிற குழல்களைக் கழற்றிக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்துப் பார்த்தாள், நாலும் ஒரே மட்டம். இஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போதே, போதவில்லை என்று கணினி நூற்றுக்குப் பதினெட்டு பங்கு பெட்ரோலைத் தானாகக் கூட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் யாரோ அதற்குப் பொய் சொல்கிறார்கள். யார் என்றுதான் தெரியவில்லை.

மதியம் தக்ஷாயினி வந்தார், கிளினிக் அங்கியோடு. கைப்பேசியில் தம்பி, ஸ்பீக்கரில்.

"எங்கட ஆள்கிட்டக் கேட்டுட்டேன் அக்கா" என்றது கைப்பேசி. "பெட்ரோல் இருபது வீதம் கூட்டச் சொல்லுறான். பத்து நிமிச வேலை. இது தெரியாட்டி அவங்கள் டயரையே மாத்தட்டும்."

ஜெயபாலன் முகம் கறுத்தது. ஜோவான் கையைத் துடைத்துக்கொண்டே, "அது எனக்கும் தெரியும் சார். தெரிஞ்சிதான் செய்யல" என்றாள்.

தக்ஷாயினி கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டார். "என்னட்டையும் வருவினம்" என்றார். "பல்லு வலிக்குது, மாத்திரை தாங்கோ, ஞாயிறு கலியாணம் எண்டு. குடுத்தா வலி நிக்கும். உள்ளுக்க அழுகிறது அழுகிக்கொண்டுதான் இருக்கும்." வாசல்வரை போய்த் திரும்பினார். "லோரி நாளைக்கு அஞ்சு மணிக்கு வரும் ஜோவான். நான் சொன்ன சொல்லை நானும் மாத்தேலாது."

சனிக்கிழமை. எட்டு மணிக்கெல்லாம் ஜோவான் காடிக்குக் கீழே கிடந்தாள். மின்கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள், எர்த் கம்பி இறுக்கமா என்று பார்த்தாள். பெட்ரோல் கெட்டதோ என்று வடித்துவிட்டுப் புதிதாய் ஊற்றினாள். பதினெட்டு பதினெட்டாகவே நின்றது. ஜெயபாலன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போய், எறும்பு வந்து, அவரே எடுத்து எறிந்தார். இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து மழை இறங்கியது. கூரைத் தகரத்தில் அது அடித்த அடியில் பேச்சுகூடக் கேட்கவில்லை.

ஜோவான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மிச்சம் எது? காற்று சென்சார் ஒன்றுதான். குழாயில் எவ்வளவு காற்று போகிறது என்று கணினிக்குச் சொல்கிற சாமான். தோட்டத்தில் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கணக்கெழுதுகிற கிராணி மாதிரி. அவர் நூறு ராத்தலை எண்பது என்று எழுதிவிட்டால் மேலே இருக்கிற துரைக்கு எண்பதுதான் தெரியும். ஆனால் அது புத்தம் புதுசு. தானே பையிலிருந்து எடுத்ததாயிற்றே. விற்றவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம், பெட்டியில் நம்பர் இருக்கும் என்று எழுந்து போனாள்.

பெட்டிக்குள் காலிப் பைகள் கிடந்தன. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒன்றைக்கூட அவள் எறியவில்லை. சென்சார் பை மேலாகவே இருந்தது. அதில் அந்த ஸ்டேப்ளர் பின் இன்னும் ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தது. துருப் பிடித்த பின்.

மற்றப் பைகளைப் பார்த்தாள். எல்லாம் சூட்டில் ஒட்டின வாய். ஒன்றிலும் பின் இல்லை.

மெல்லத் திரும்பி ஜெயபாலன் மேசையைப் பார்த்தாள். ரசீது கட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ஸ்டேப்ளர். எடுத்து ஒரு தாளில் குத்தினாள். அதே துரு.

"அண்ணே."

"ம்ம்."

"இந்தப் பையை நீங்க தொறந்தீங்களா?"

ஜெயபாலன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆயுத பூஜை அன்னைக்கி" என்றார். "எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். ஸ்பானர், ஜாக்கி, டைனோ, உன் கணினி, எல்லாத்துக்கும். இந்தப் பெட்டி முதல் பெரிய வேலையாச்சேன்னு அதுக்கும் வெச்சேன்."

"பைக்கு மேல வெச்சிருக்கலாமேண்ணே."

"பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வெச்சா சாமி பிளாஸ்டிக்கைத்தானே லா பாக்கும்?" என்றார், நிஜமாகவே. "மேலாக இருந்த இந்த ஒரு பையை மட்டும் தொறந்து சாமானுக்கே வெச்சேன். உனக்கு சாமான்ல பிசுக்கு இருந்தாப் பிடிக்காது. அதனால மறுநாள் காலைல ஈரத்துணியால ஒண்ணொண்ணாத் தொடச்சேன். இதை நல்லா அழுத்தித் தொடச்சேன், அதுல ஒரு சந்து இருந்திச்சி. தொடச்சித் திரும்பப் பைல போட்டுப் பின்னடிச்சி வெச்சேன்."

ஜோவான் போய் இரண்டு திருகைக் கழற்றிச் சென்சாரை உருவினாள். டார்ச் அடித்து அந்தச் சந்துக்குள் பார்த்தாள். உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி. அதுதான் காற்றின் குளிரை உணர்ந்து கணக்குச் சொல்வது. அந்தக் கம்பி மேல் மஞ்சளாய் ஒரு படலம், சூட்டில் காய்ந்து, ஓடு மாதிரி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சந்தனம், நல்ல மைசூர்ச் சந்தனம்.

போர்வை போர்த்திக்கொண்டவனுக்குக் காற்று வீசுவது தெரியுமா? கம்பிக்கும் தெரியவில்லை. கொஞ்சம் காற்றுதான் என்று கணினிக்குச் சொல்லியிருக்கிறது, கணினியும் கொஞ்சம் பெட்ரோல்தான் ஊற்றியிருக்கிறது.

"தங்கச்சி" என்றார் ஜெயபாலன். "தூசின்னு சொல்லிடேன். சந்தனம்னு வெளிய தெரிஞ்சா இந்தத் தாமான் சனம் முழுக்கச் சிரிக்கும். டாக்டரோட தம்பி வேற."

ஜோவான் மின் சாமான்களைக் கழுவுகிற மருந்துக் குப்பியை எடுத்து, சந்துக்குள் விரல் படாமல், துணி படாமல், பீய்ச்சினாள். முதல் தடவை மஞ்சளாய் வடிந்தது. நாலாவது தடவை தண்ணீர் போல் வடிந்தது. வடிந்ததை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்து, துணியை மடித்து மேசை மேல் வைத்தாள். பிறகு இருபது நிமிடம் காய வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. ஊதினால் கம்பி அறுந்துவிடும். இரண்டு நாள் ஓடி ஓடித் தேடியவளுக்கு அந்த இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய பாடு.

காய்வதற்குள் லோரி வந்துவிட்டது. மணி நாலுகூட ஆகவில்லை. ஓட்டுநர் தர்மேந்திரன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, ஏத்திறலாமா? மழை விட்டா ஜாலான்ல காடியா நிறைஞ்சி ஜாம் ஆயிரும் லா."

"அஞ்சு மணின்னாங்க."

"வெரசா ஏத்தினா வெரசாப் போலாம்னு பாத்தேன்."

"வெரசா வந்தீங்கல்ல, வெரசா உக்காருங்க. அண்ணே, இவருக்குக் கோப்பி."

சென்சாரைச் செருகினாள். திருகினாள். சாவியைத் திருப்பினாள். திரையில் பதினெட்டு. பிறகு பன்னிரண்டு, ஏழு. ஜெயபாலன் உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணினாரோ மந்திரமோ. மூன்று. ஒன்று. அங்கே நின்றது.

காது மாட்டியைப் போட்டாள். மிதித்தாள். நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம். எண் பதினொன்றரையில் ஆணி அடித்தாற்போல் நின்றது. காதுக்குள் மணல் இல்லை. நெய் உருகிக் கொதிக்கிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். பிறகுதான் அவளுடைய நிஜமான வேலை தொடங்கியது. பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி விழுகிற நேரத்தை ஒரு மயிரளவு முன்னால் தள்ளி ஓட்டினாள். இன்னும் ஒரு மயிரளவு. மூன்றாவது ஓட்டத்தில் லேசாக ஒரு முணுமுணுப்பு கேட்டது. இரண்டு மயிரளவு பின்வாங்கி அங்கேயே நிறுத்தினாள். நூற்று இருபது குதிரை பலத்தில் வந்த காடி நூற்றுத் தொண்ணூறு குதிரையில் நின்றது. தர்மேந்திரன் கோப்பியைக் குடிக்க மறந்து நின்றான்.

நாலே முக்காலுக்கு தக்ஷாயினி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி.

"கண்டுபிடிச்சீங்களோ, மூடினீங்களோ?"

ஜெயபாலன் தலை குனிந்தார். ஜோவான் மேசை மேலிருந்த துணியை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"கண்டுபிடிச்சேன் டாக்டர். காத்து சென்சார் உள்ள சந்தனம். எங்க பட்டறைச் சந்தனம். பைல பின் அடிச்சிருந்ததை நான் பாத்தேன், புதுசுதானேன்னு உள்ள பாக்காம கோடு போட்டேன். என் தப்பு."

"வெச்சது நான்" என்றார் ஜெயபாலன், யாரும் கேட்காமலே. "தொடச்சதும் நான்தான். அவ இங்க இல்ல. தைப்பிங்ல இருந்தா."

டாக்டர் துணியை வாங்கி மோந்து பார்த்தார். பிறகு ஜெயபாலனைப் பார்த்தார்.

"அம்மா என்ட முதல் மோட்டர் சைக்கிளுக்குக் கண்ணாடி முழுக்கச் சந்தனம் பூசி விட்டவ" என்றார். "பின்னால என்ன வருதெண்டே தெரியாமல் ஒரு கிழமை ஓடினனான்." இந்த முறை முழுதாகவே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார். "சரி. மலையில நிக்காதெண்டு எப்படி நான் நம்புறது?"

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல காதுல மாட்டிக்கிட்டு வாரேன். ஒரு தட்டு கேட்டாலும் நானே லோரில ஏத்தி விடுறேன்."

மழை விட்டிருந்தது. ரப்பர்ப் பால்மரம் எல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட அந்தத் தோட்டத்துப் பக்கம், மேடேறுகிற ஒரு வெறுஞ்சாலை. ஜோவான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வளைவில் கேட்டாள், ஏற்றத்தில் கேட்டாள், உச்சியில் கேட்டாள். ஊதாங்குழல் சீட்டியும் ஈரச் சாலையின் இரைச்சலும்தான். திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றபோது காது மாட்டியைக் கழற்றி, "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள்.

தர்மேந்திரன் காலி லோரியைத் திருப்பினான். "வெறுங்கையாப் போறேன் லா அக்கா" என்றவனை, "கோப்பியோட போறீங்க" என்று ஜெயபாலன் வழியனுப்பினார்.

தக்ஷாயினி கிளம்பவில்லை. "நாளைக்குப் பந்தயம். பொட்டு வைக்காமல் எப்படி?" என்றார். "அண்ணன் வைக்கட்டும். எங்கே வைக்கலாமெண்டு ஜோவான் சொல்லட்டும்."

ஜோவான் வெள்ளைப் பேனாவை எடுத்தாள். இஞ்சின் மூடியைத் திறந்து, பெல்ட் உறை மேல், காற்றும் சூடும் படாத ஓரத்தில், ஒரு சின்ன வட்டம் போட்டாள். ஜெயபாலன் விரலால் அந்த வட்டத்துக்குள், கோட்டைத் தாண்டாமல், சந்தனம் வைத்தார், அதன் மேல் குங்குமம் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு எத்தனையாவது இடம் என்று கேட்கிறீர்கள். ஆறாவது. மலை ஏறினார், இறங்கினார், அதே காடியிலேயே பத்து காஜா வீட்டுக்குப் போனார். மறுவாரம் பட்டறை வாசலில் டயர் மாற்ற வராத காடி இரண்டு நின்றது. இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஜோவான் பட்டறை முழுக்கச் சுற்றி வந்து, பொட்டு வைக்கலாம் என்கிற இடத்தில் எல்லாம் வெள்ளை வட்டம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். ஜெயபாலனுக்கும் ஒரு குறை இல்லை. இன்னும் கொஞ்சம் பெரிய வட்டமாகப் போடக்கூடாதா என்பதைத் தவிர.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா, கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டு அடுப்பு சீராக எரியட்டும். உங்கள் வீட்டில் படுத்திருக்கும் நெஞ்செல்லாம் தட்டாமல் மூச்சு விடட்டும். வாசலை விட்டுப் போன வண்டி எல்லாம் சொந்தச் சக்கரத்தில் வாசலுக்கே திரும்பி வரட்டும். என் தப்புதான் என்று சொல்கிற வாயும், அதைக் கேட்டுச் சிரிக்கிற மனசும் உங்கள் கூரைக்குக் கீழே ஒன்றாகக் குடியிருக்கட்டும்.